பதினேழாம் நம்பர் தட்டு

"இது பச்சைத் துரோகம்க்கா. அந்த மனுஷன்கிட்ட இன்னைக்கே உண்மையைச் சொல்லிடுங்க. இல்லைன்னா நான் சொல்லிடுவேன்."

ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டே மாதம் ஆன புது டாக்டர், கதவைச் சாத்திவிட்டுப் பொரிந்து தள்ளினாள்.

ஆய்வக உதவியாளர் அக்கா நிமிரவில்லை. செல்களுக்கு ஊற்றும் சிவப்புத் திரவத்தைக் குழாயில் உறிஞ்சி, தட்டுத் தட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக அவளுக்கு இதே வேலைதான்.

"அந்த மனுஷன்" என்றது டிக்கெட் சாரை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். அவருடைய கட்டியிலிருந்து கிள்ளியெடுத்த செல்களை இங்கே வளர்த்து, பாதித் தட்டுகளில் இன்டர்ஃபெரான் விட்டுப் பார்க்கிறார்கள். நம் உடம்பே சுரக்கிற சரக்குதான். கிருமி வந்தால் அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். அதையே கூடுதலாகக் கொடுத்தால், சில புற்றுச் செல்கள் பெருகுவதை நிறுத்திவிடும். மற்றவற்றுக்கு, செவிடன் காதில் ஊதிய சங்கு.

டிக்கெட் சாரின் செல்கள் செவிட்டு ரகம். மருந்து விட்ட தட்டிலும் விடாத தட்டிலும் ஒரே நெரிசல். உடம்புக்குள்ளும் அதே கதை. எலும்பு வரை போய்விட்டது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். அக்கா ஒரு தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைப்பாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் தெரியும்.

"பாருங்க சார், போன வாரம் இருந்தபடியே இருக்கு."

"அட, ஆமா! வளரலைம்மா, வளரவேயில்லை."

இன்றைக்கும் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் புது டாக்டர் தட்டின் மூடியைக் கவனித்தாள். பதினேழு. அவருடைய நம்பர் நாற்பத்தொன்று.

"பதிவேட்டைப் பார்த்தேங்க்கா. பதினேழு போன வருஷமே செத்துப்போன யாரோ ஒருத்தர்."

"தெரியும் டாக்டர்."

"தட்டுல அடங்குச்சு, ஆளைக் காப்பாத்தலை. அதைக் காட்டி இவருக்கு ஆசை காட்டுறீங்க. ஆராய்ச்சி முடிஞ்ச தட்டுக்கு ஞாயித்துக்கிழமைகூட வர்றீங்களாமே, இதுக்குத்தானா?"

"மூணு நாளுக்கு ஒருதரம் மருந்து மாத்தலைன்னா மறுபடி வளர ஆரம்பிச்சிடும்."

"வளர்ந்தா வளரட்டுமே! குப்பையில போட வேண்டியதுதானே?"

அப்போதுதான் அக்காவின் கை நின்றது. புது டாக்டர் விடவில்லை.

"மிஞ்சிப்போனா அவருக்கு மூணு மாசம். உண்மை தெரிஞ்சா மக வீட்ல பேரனோட இருந்துட்டுப் போவார். ரெண்டு பஸ் மாறி, மூணு மாடி ஏறி, ஒரு பொய்யைப் பார்க்க வர்றார் பாவம்."

"சொல்லிடுங்க டாக்டர்" என்றாள் அக்கா. தட்டை மூடி, பத்திரமாகச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள்.

டிக்கெட் சார் அதிக தூரம் போயிருக்கவில்லை. இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டரம்மா, முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது?"

"சார்... நீங்க பார்த்த தட்டு..."

"பதினேழு."

அவரே முடித்துவைத்தார்.

"முப்பது வருஷம் நம்பர் பார்த்தே வயிறு கழுவினவன்மா நான். ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்ட தாள்ல என் நம்பர் நாப்பத்தொண்ணு. அடுத்தவன் சீட்டுல உட்கார்ந்தவனை முதல் பார்வையிலேயே பிடிச்சிடுவேன். இதையும் முதல் வாரமே பிடிச்சுட்டேன்."

"அப்ப உங்களுது..."

"அடங்கலை. ராத்திரி பூரா இடுப்பெலும்பு சொல்லுதே, அதைவிடவா தட்டு சொல்லப்போகுது? ஊருக்கே டிக்கெட் கிழிச்சவன், எனக்கு எப்பக் கிழியும்னு தெரியாதா?"

சிரித்தார். அது பாதியிலேயே இருமலாகிவிட்டது.

"தெரிஞ்சேவா சார் இவ்வளவு கஷ்டப்பட்டு வர்றீங்க?"

அவர் கைப்பிடியைப் பற்றி எழுந்தார். எழுவதற்கே ஒரு நிமிடம் ஆனது.

"அந்தத் தட்டைப் பார்த்து, 'வளரலைம்மா'ன்னு வாரத்துல ஒருதரமாவது யாராவது சொல்லணும். இன்னும் நாலஞ்சு வெள்ளிக்கிழமை என்னால ஏற முடியும். அப்புறம் நீங்க சொல்லுங்க."

"யாருக்கு சார், அக்காவுக்கா? எதுக்கு?"

"பதினேழு எனக்குப் பக்கத்துக் கட்டில்மா. சேர்ந்துதான் மருந்து ஏத்திக்கிட்டோம். உங்க அக்காவோட வீட்டுக்காரர்."