இன்னும் நாலு மிளகாய்

"இது பருப்பா, பத்தியக் கஞ்சியா? இன்னும் நாலு மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிச்சுக் கொண்டா, போ!"

கட்டிலில் சாய்ந்திருந்த தெய்வானை கிண்ணத்தைத் தள்ளினாள். மருமகள் சந்திரமதி அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அங்கே பக்கத்து வீட்டு அஞ்சலை நின்றிருந்தாள்.

"ஏண்டி, உனக்குப் புத்தி பிசகிருச்சா? தாளிப்பு வாசம் காஜா பெராங் தெரு முனை வரைக்கும் வீசுது. தாலி கட்டுனவன் போயி நாலு நாளுதான் ஆவுது. பதினாறு முடியாம துக்க வீட்டுல யாராச்சும் தாளிப்பாங்களா?"

"மெல்லப் பேசுங்கக்கா. அத்தைக்குக் கேட்டுறப் போவுது."

சிங்கப்பூர் துறைமுகத்தில் பாரம் சரிந்து அவள் கணவன் கணேசமூர்த்தி இறந்துவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. காரியத்துக்குச் சந்திரமதியின் தம்பி நல்லையா மட்டும் போனான். அவள் போகவில்லை. மாமியாருக்கு இதயம் பலவீனம். ஓர் அதிர்ச்சி போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்காக வாசலில் கட்டிய காகிதக் கொடிகளைக்கூட அவள் அவிழ்க்கவில்லை. தாளிப்புச் சத்தம் நின்றால் மாமியார் கண்டுபிடித்துவிடுவாள்.

"மவனப் பத்திக் கேக்கலியா?"

"ஒரு வார்த்தை கேக்கலக்கா. சாமி புண்ணியம். பருப்பு பருப்புன்னுதான் உசுர எடுக்குறாங்க. முந்தாநாள் நாலு மிளகாய். நேத்து ஏழு. இப்பப் பதினொண்ணு."

"நல்ல நாக்குதான் போ! பெத்த பிள்ள சாம்பலாயிட்டான், இதுக்குக் காரம் பத்தலயாம்!"

எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. சீரகம், நசுக்கிய பூண்டு, கறிவேப்பிலை, கடைசியாக மிளகாய். நெடி ஏறியதும் அஞ்சலை இருமிக்கொண்டே பின்வாசலுக்கு ஓடினாள்.

சந்திரமதி கிண்ணத்தோடு உள்ளே போனாள்.

"கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"மிளகா நெடி, அத்தே."

"நெடிதான். வேற என்ன? இப்படி உக்காரு. நல்லாத் தொடச்சுக்க."

கட்டிலோரம் உட்கார்ந்து சந்திரமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் வெகுநேரம் குலுங்கின. தெய்வானை ஒரு வாய் பருப்பை எடுத்து வைத்தாள். அவளுக்கும் கண்ணீர் கொட்டியது.

"ஆங், இப்பத்தான் காரம்!"

சந்திரமதி முகம் கழுவக் குழாயடிக்குப் போனதும் அஞ்சலை உள்ளே வந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"பெரியம்மா, உங்க நாக்குக்கு ஒரு அளவில்லியா? அந்தப் பிள்ள கண்ணப் பாத்தீங்களா?"

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று தெய்வானை ஒரு கணம் காது கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தந்திக்காரப் பொன்னுதுரை மொதல்ல இந்த ஜன்னல்லதான் வந்து நின்னான், அஞ்சலை. படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, நாந்தான் அவன அடுப்படிப் பக்கம் அனுப்புனேன்."

அஞ்சலை குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, என் உசுருக்குப் பயந்துகிட்டே இருப்பா, அழ மாட்டா. நெடின்னு ஒரு சாக்கு இருந்தாத்தான் அவளால என் முன்னால அழ முடியுது... எனக்குந்தான்."