நனையாத இடம்

வீட்டுக்குள் கொசு மருந்து அடிப்பதென்றால் சாமான்களும் ஆட்களும் முதலில் வெளியே வந்துவிட வேண்டும். இதை மான்சா ஊரில் வீட்டுக்கு வீடு சொல்லிச் சொல்லியே மாஸ்க்குக்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். இந்த வீட்டுக்காரி, முசோண்டாவின் அம்மா, நான் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் மாமரத்தடியில் அடுக்கியிருந்தாள். புருஷனின் நாற்காலியைத்தான் முதலில் தூக்கி வந்தாள்.

உள்ளே போய்ச் சுவர் முழுக்க அடித்தேன். ஜன்னலோரம் ஓரிடம் மட்டும் நனையவில்லை. ஓர் ஆள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் மறைக்கிற அளவு. மறுபடி அடித்தேன். அப்படியேதான் இருந்தது.

வெளியிலிருந்து சூப்பர்வைசர் கபெம்ப்வா கத்தினார். "ஒரு ரூமுக்கு எவ்வளவு நேரம்யா? இன்னும் தெருவே பாக்கி கிடக்கு."

"நீங்களே வந்து அடிச்சுப் பாருங்க சார்."

முசோண்டாவின் அம்மாதான் வந்தாள். அவள் புருஷன் போன மாதம் கொரோனாவில் இறந்தவர். ஆஸ்பத்திரி ஆட்களே புதைத்தார்கள், இவளுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. சுவரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"முசோண்டா அப்பா, உங்களுக்கு மட்டும் தனியாச் சொல்லணுமா? எந்திரிங்க. இவருக்கு வேற வேலை இல்லையா? நாற்காலி மரத்தடியிலதான் கிடக்கு."

மூன்றாம் தடவை அடித்தேன். சுவர் நனைந்தது.

மருந்து பம்பைச் சுமந்துகொண்டு வெளியே வந்தேன். அவள் இடுப்பில் கட்டியிருந்த சிட்டெங்கே துணியின் நுனியால், வெறும் நாற்காலிக்கு மேலே, தலை உயரத்தில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மூடுங்க, எரியும்," என்றாள் எரிச்சலாக.

பிறகு துணியைப் பிழிந்தாள். மருந்து சொட்டியது.