பதிந்து கொடுத்த குரல்

பண்ணையில் மூன்று மாதத் தன்னார்வ வேலை முடிந்து தாட்சாயணி கிளம்பினாள். அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த காளைக்கன்று வேறு யார் கூப்பிட்டாலும் வராது. “நீ போயிட்டா தீவனத்துக்குக்கூட வராதும்மா. இதுல ஒரு தடவ கூப்பிட்டுட்டுப் போ,” என்று பண்ணைக்காரர் பெஞ்சமின் செல்போனை நீட்டினார். “வாடா தங்கம், வா வா.” குரலில் கொஞ்சல் போதவில்லை என்று அவளே மறுபடியும் பதிந்தாள்.

பண்ணைக்கு எதிரே பேருந்துக்காக நின்றபோது அடிமாட்டு லாரி ஒன்று பண்ணைக்குள் திரும்பிப் பலகையைச் சாய்த்தது. லாரிக்குள்ளிருந்து அவள் குரல் கூப்பிட்டது. கழுத்துமணி குலுங்கக் கன்று ஓடிவந்து ஏறியது. “வேணாம்டா, இங்க பாரு!” என்று தாட்சாயணி கத்தினாள். அது திரும்பவில்லை. கன்றுக்கு அவள் லாரிக்குள்தான் இருந்தாள்.