ஒரு மைனஸ்

டஸ்டர் பறந்து வந்து அவள் நெற்றியில் அடித்தது.

பஞ்சுப் பக்கம் பட்டிருந்தால் கொஞ்சம் வெள்ளைப் பொடியோடு போயிருக்கும். கட்டைப் பக்கம் பட்டது. புருவத்துக்கு மேலே தோல் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

கருத்தரங்க அறை நிறைய ஆட்கள். அத்தனை பேரும் பிரபஞ்சத்தின் வயதைக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்ட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எறிந்தவர் பேராசிரியர் தாணுமூர்த்தி. வருஷக்கணக்காக அவளோடு சேர்ந்து ஒரே கணக்கைப் போட்டவர். அந்தக் கணக்கைத்தான் இன்று கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருந்தார்.

அவள் கேட்டது இவ்வளவுதான்.

"சார், ஒரு வரி தப்பா இருக்கு. சாக்பீஸக் குடுங்க."

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அது மரியாதைக் குறைவே அல்ல. தப்பைக் கண்டவர் எழுந்து போய், பேசுகிறவர் கையிலிருக்கும் சாக்பீஸை வாங்கித் திருத்த வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய பெரிய ஆட்களே பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இவரும் சொல்லவில்லை. எறிந்தார்.

தன் பாரம் தாங்காமல் உள்ளே நொறுங்கி விழும் நட்சத்திரம், நசுங்கிப் புள்ளியாகிவிடாது. கடைசிக் கணத்தில் எம்பித் திரும்பும். இதுதான் அவர்கள் இருவரும் கண்ட முடிவு. உலகம் முழுக்கப் பேசிய கட்டுரை.

வெளி எப்படி வளைகிறது என்ற பாதி அவருடையது. பொருள் எப்படி நெருங்குகிறது என்ற பாதி அவளுடையது.

இந்தத் துறையில் சமன்பாடு எழுதும்போது காலத்துக்கு மைனஸ் போடுகிறவர்களும் உண்டு, இடத்துக்கு மைனஸ் போடுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரி. இரண்டையும் கலந்தால் போச்சு. அவர் இடத்துக்குப் போடுகிறவர். அவள் காலத்துக்கு.

இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்தது அவள். தைத்த இடத்தில் சமன்பாட்டின் ஒரே ஓர் உறுப்புக்குப் பிளஸை மைனஸாக மாற்ற மறந்திருக்கிறாள். இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் பொறி தட்டியது. ஈரத் தலையோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள்.

மைனஸைப் போட்டால் நட்சத்திரம் எம்பவில்லை. நசுங்கிச் செத்தது.

திங்கட்கிழமை அவளுக்கு நேர்காணல். நிரந்தர வேலை. ஊர் ஊராகத் தற்காலிக வேலை பார்த்து நொந்துபோனவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கையில் இருக்கிற ஒரே முதல் அந்தக் கட்டுரை. வாயைத் திறந்தால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான். அது தெரியாமலா எழுந்தாள்? நன்றாகத் தெரியும். தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு வராது.

ரத்தத்தைப் புறங்கையால் வழித்துவிட்டு மேடையேறினாள்.

அவர் சாக்பீஸை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரே தள்ளு. மேஜை மேல் போய் விழுந்தாள். தண்ணீர்க் குவளை உடைந்தது. எழுவதற்காகக் கையை ஊன்றினாள், கண்ணாடிச் சில்லின் மேல்.

பேர் போய்விடுமே என்று கிழவனுக்கு வெறி பிடித்துவிட்டது என்று நினைத்தாள். அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிற மனுஷன். பாராட்டு விழாவுக்குப் பந்தல்காரனிடம்கூடப் பேசியாகிவிட்டது.

மறுபடி பாய்ந்தாள். அவர் அவள் பின்னலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். கழுத்து நொடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. எட்டிய இடத்தில் அவர் கை இருந்தது. கடித்தாள். பல் இறங்கும் வரை கடித்தாள்.

அவர் அலறினார். வாயில் உப்புக் கரித்தது.

துறைத்தலைவர் எழுந்து, தேநீர் இடைவேளை என்று அறிவித்துப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை.

சாக்பீஸ் விழுந்து உடைந்தது. தவழ்ந்து போய்ப் பாதித் துண்டை எடுத்தாள். அவர் அவளை முந்திக்கொண்டு கரும்பலகையில் சாய்ந்து, கடிபட்ட கையை விரித்து எழுத்தின் மேல் அப்பினார். மூச்சு இரைத்தது. அவள் கிட்டே வந்ததும் குனிந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"திங்கக்கெழம வரைக்கும் பொறுக்கப்பிடாதா, மக்ளே?"

அவள் அப்படியே நின்றாள்.

பலகை முழுக்க எழுத்து. மேலிருந்து கீழ்வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வரிவரியாக எழுதியிருந்தார்.

எந்த வரி என்று அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் கை, தைத்த இடத்தின் மேல் இருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நெற்றியிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்தது. பின்னால் யாரோ இருமினார்கள்.

சாக்பீஸை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். இடது கையால் அவர் விரல்களைப் பிடித்தாள்.

விலக்குவதற்குப் பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை.