எழுந்துட்டேன்

"வாட்ச் ரிப்பேர்காரர் நாலு நாளா கதவே திறக்கலம்மா. அவசரத்துக்குன்னு உங்க நம்பரைத்தான் கொடுத்திருந்தார்," என்றார் வீட்டுக்காரர்.

"நல்லாத்தான் இருக்காருங்க! நேத்துகூட எட்டு மணிக்கு டாண்ணு 'எழுந்துட்டேன்'னு போட்டாரே!" தையலக்கா மூச்சிரைக்க மாடியேறினாள்.

தனியாக வாழ்பவர்களுக்காக அவள் போனில் தொடங்கிய குழு அது. காலையில் எழுந்ததும் எல்லாரும் ஒரு வார்த்தை போட வேண்டும். பதினோரு பேராக இருந்தபோது, ஒருவர் சற்றுத் தாமதித்தாலும் மற்றவர்கள் போன் மேல் போன் போட்டு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். முட்டிவலி முதல் மருமகள் சண்டை வரை அங்கேதான் பேசித் தீர்ப்பார்கள். இப்போது நாற்பதாயிரம் பேர். யார் எதைப் போட்டாலும் சிவப்பு இதயம் ஒன்றுதான் பதில்.

கதவை இடித்துத் திறந்ததும் வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கட்டிலைப் பார்த்தவர், "உயிர் போயி நாலு நாள் இருக்கும்மா," என்றார்.

சுவர்க் கடிகாரங்கள் எட்டு அடித்தன. சார்ஜரில் கிடந்த வாட்ச்காரரின் போன் தானாக ஒளிர்ந்தது. யாரும் படிக்காத அந்த வார்த்தைக்கு, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல், தினமும் தானே போகும்படி அவர் என்றைக்கோ நேரம் குறித்து வைத்திருந்தார்.

'எழுந்துட்டேன்.'

தையலக்காவின் போனில் இதயங்கள் கொட்டத் தொடங்கின. அவருடைய பழைய பதிவுகளைத் தேடினாள். நேற்று. முந்தாநாள். அதற்கும் முந்தின நாள்.

மூன்றிலும் முதல் இதயம் அவள் போட்டது.