தட்டு மாற்றும் நேரம்

பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். தட்டு வலது கைக்கு வந்தது.

தேங்காய், பழம், வெற்றிலை, மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டு வேட்டி.

அவர்கள் குடும்பத்து நிச்சயதார்த்தத்தில் தட்டு நின்றபடிதான் மாறும். கனம் முழுவதையும் வலது கை தாங்க வேண்டும். இடது கை விளிம்பைத் தொடலாம். தாங்கினால் எதிரே நிற்பவருக்கு அவமரியாதை.

அவருடைய அப்பா அப்படித்தான் கொடுத்தார். அப்பாவின் அப்பாவும்.

இந்த வைகாசியில் ஒரு காலை, அவருடைய வலது கைக்குச் சட்டைப் பொத்தான் அகப்படவில்லை.

"கை விழுந்துறல. மந்தம், அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

மந்தம்.

அந்த வீட்டில் அது வயிற்றுக்கு மட்டுமே உரிய சொல். விருந்துக்கு மறுநாள் வரும். சுக்குக் கஷாயம் குடித்தால் போய்விடும்.

கையைச் சேர்த்து அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார் அவர். யாரும் சொல்லவில்லை.

மனைவி உலகம்மாள் மட்டும் அவருடைய சோற்றைப் பிசைந்து வைப்பாள். பிசைந்ததே தான் இல்லை என்பதுபோல அடுப்படிக்குள் போய்விடுவாள்.

இப்போது தட்டு நடுங்கியது.

ஒரு வெற்றிலை நழுவி விழுந்தது. தேங்காய் விளிம்பை நோக்கி உருண்டது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள்.

எதிரே சம்பந்தி தன் தட்டோடு நின்றார். அவர் பார்வை கையில் விழுந்தது. அங்கே நிற்காமல் முகத்துக்கு வந்தது.

"அண்ணாச்சி, எனக்கு முட்டு மந்தம் பாத்துக்கிடுங்க. ரொம்ப நேரம் நிக்க முடியல. உக்காந்தே மாத்திக்கிடுவமா?"

"இது என்னய்யா புதுப் பழக்கம்?" கூட்டத்தில் ஒரு கிழவியின் குரல்.

"முட்டுக்குப் பழக்கம் தெரியுமா அத்தை?"

எல்லோரும் சிரித்தார்கள்.

ஜமுக்காளத்தில் இரண்டு தட்டுகளும் இறங்கின. ஒன்று இந்தப் பக்கம் நகர்ந்தது. ஒன்று அந்தப் பக்கம்.

குலவைச் சத்தம் எழுந்தது.

நிற்க முடியாத சம்பந்தி சம்மணம் போட்டிருந்தார். முதுகு நேராக. உட்காரும்போது ஒரு முனகல்கூட இல்லை.

பெண்ணின் அப்பா அதைப் பார்த்தார்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். சம்பந்தி விறுவிறுவென்று முன்னால் வந்தார். பாயில் விரித்த இலை முன்னே உட்காரக் குனிந்தார்.

"உலகு."

உலகம்மாள் திரும்பினாள்.

"சம்பந்திக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லு. முட்டு மந்தம்லா அவருக்கு."

அவள் அவர் வாயையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு தானே ஓடிப் போய் நாற்காலியைத் தூக்கி வந்தாள்.

சம்பந்தி நாற்காலியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, மெல்ல, மிகவும் சிரமப்பட்டு உட்கார்ந்தார்.