பட்டுக்குக் காற்று வேண்டும்

"மூடியப் போடாதம்மா! புதுப் பட்டு, கொஞ்சம் காத்து பட்டுகினே இருக்கணும்" என்று பதறினார் பேராசிரியர் ஜெயவேல்.

மேஜையின் நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதற்குள் மாம்பழ நிறத்தில், அரக்கு பார்டர் போட்ட ஆரணிப் பட்டுப்புடவை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கல்லூரிப் பயிலரங்கைத் தொடங்கி வைக்கச் சென்னையிலிருந்து வரப்போகிற பெரிய மனிதரின் மனைவிக்காக வாங்கியது. புடவை கொடுக்காமல் ஆரணியில் யாரையும் மேடையிலிருந்து இறக்க மாட்டார்கள்.

மூடியைக் கையில் வைத்திருந்த உண்ணாமலை அந்தக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அவளுடைய அப்பாவுக்கு வீட்டிலேயே தறி இருந்தது.

"எங்க தெருவுல புதுப் புடவைய யாரும் இப்படித் தொறந்து போட மாட்டாங்க சார். ஜரிகை கறுத்துடும்."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ உக்காரு."

உண்ணாமலை பெட்டியை ஒரு தடவை பார்த்தாள். மூடியை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அது 1987ஆம் வருஷம். 'கணிப்பொறி யுகத்தில் மனித ஒழுக்கம்' என்று இரண்டு நாள் பயிலரங்கு நடத்தப்போகிறார்கள். அதைத் திட்டமிட உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர்கூடக் கணிப்பொறியைக் கண்ணால் கண்டதில்லை. ஜெயவேல் மட்டும் ஏதோ பத்திரிகையில் படம் பார்த்திருந்தார். அதனால் அவர் தலைவர்.

மூன்றாவது ஆள் கலசப்பாக்கத்து இராஜமாணிக்கம். அவரும் தற்காலிகம்தான். இந்த இருவரையும் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தாளாளர் வருகிற திங்கட்கிழமை முடிவு செய்யப்போகிறார். அது கல்லூரி வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த விஷயம்.

"மொத அமர்வு, தனி மனித அந்தரங்கம்" என்று ஜெயவேல் தொண்டையைச் செருமினார். "ஒருத்தர் பேசறத அவருக்கே தெரியாம ஒரு மிஷின் சேத்து வெச்சிகினா, அது திருட்டா இல்லியா? இதான் கேள்வி. இத நானே பேசறேன்."

"பிரமாதம் சார்!" என்றார் இராஜமாணிக்கம். ஜெயவேல் தும்மினாலும் பிரமாதம் என்று சொல்கிற ரகம் அவர்.

மனிதகுலத்தின் அந்தரங்கத்தைப் பத்து வாக்கியத்தில் காப்பாற்றி முடித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வடையா போளியா என்ற கேள்விதான் அவர்களைப் படாத பாடு படுத்தியது. ஒழுக்கத்துக்கும் பசிக்கும் போட்டி வைத்தால் படித்தவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

போளி ஜெயித்தது. ஜெயவேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கம்ப்யூட்டருக்கு ஒழுக்கம் சொல்றோம். நம்ம காலேஜ் ஒழுக்கத்த பேச வேணாமா? தாளாளரப் பத்தி நீங்க ரெண்டு பேரும் இன்னா நெனைக்கிறீங்க? மனசு வுட்டுப் பேசுங்க. இந்த ரூமத் தாண்டாது."

இராஜமாணிக்கத்துக்கு அது போதும். "இன்னாத்த சார் சொல்றது? அந்த ஆளு காலேஜா நடத்தறான்? மச்சானுக்கு ஒரு போஸ்டு, மருமவனுக்கு ஒரு போஸ்டு. நம்மள மாதிரி படிச்சவன்தான் பேஜாராகி நிக்கிறான்."

"அப்படியா!" என்று ஆச்சரியப்பட்ட ஜெயவேல், பெட்டியை மெதுவாக அவர் பக்கம் தள்ளினார். "இந்த பார்டரக் கொஞ்சம் பாருங்க. பாத்துகினே சொல்லுங்க."

உண்ணாமலை மேஜைக்கு அடியில் இராஜமாணிக்கத்தின் காலை மிதித்தாள்.

"எதுக்கு மேடம் கால மெதிக்கிறீங்க?" என்று அந்தப் புத்திசாலி வாய்விட்டே கேட்டார்.

உண்ணாமலை உரக்கச் சிரித்தாள். "இவரு தமாஷ் பண்றாரு சார். தாளாளர் ஐயா மாதிரி தங்கமான மனுஷர் இந்த ஜில்லாவுலயே கெடையாது. நேத்துகூட இவரே எங்கிட்ட அப்படித்தான் சொன்னாரு."

"நானா? எப்ப?" என்றார் இராஜமாணிக்கம்.

உண்ணாமலை அதைக் காதில் வாங்கவே இல்லை. தாளாளரின் தர்மம், தாளாளரின் தமிழ்ப்பற்று, கோயில் திருவிழாவுக்குத் தாளாளர் கட்டி வந்த வேட்டியின் வெண்மை என்று ஒன்று விடாமல் பாடித் தீர்த்தாள். இராஜமாணிக்கம் வாயைத் திறந்தபோதெல்லாம் அவள் குரல் இன்னும் உயர்ந்தது. கேட்பவருக்குக் காது கூசியது.

"வேலைக்காக இவ்ளோ ஜால்ரா போடணுமா மேடம்?" இராஜமாணிக்கம் முகத்தைச் சுளித்தார். "படிச்ச பொம்பளயா நீங்க? தூ!"

உண்ணாமலையின் முகம் சிவந்தது. ஆனாலும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. தாளாளரின் அம்மா பெயரில் போட்ட தண்ணீர்ப் பந்தலுக்குப் போய்விட்டாள்.

'டக்' என்று எங்கோ ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பல்லி என்று நினைத்து இராஜமாணிக்கம் சுவரைப் பார்த்தார். உண்ணாமலை பாதி வாக்கியத்தில் சட்டென்று நிறுத்தினாள்.

ஜெயவேலுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. "சரி சரி, ரெண்டு பேரும் போயி ஜல்தியா டீ குடிச்சிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

இராஜமாணிக்கம் எழுந்தார். உண்ணாமலை எழுந்திருக்கவில்லை. பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, புடவை மடிப்புக்குக் கீழே கையை விட்டாள்.

"மடிப்பக் கலைக்காதம்மா!" என்று ஜெயவேல் கத்தினார்.

உண்ணாமலை உள்ளிருந்து எதையோ உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"டேப் ரிக்கார்டர்ல கேசட் முடிஞ்சிடுச்சு சார். இப்ப நெஜத்தப் பேசலாமா?"